பதினொருவர் ஓர் அணியாவது எப்படி?

கால்பந்தாட்டத்தைப் பற்றி வெளிவந்திருக்கும் நூல்களையும், ஓய்வு பெற்ற பயிற்சியாளர்கள் தங்கள் பெயரில் வெளியிடும் சுயசரிதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து வருகிற ஒருவனுக்கு, வென்ற அணிகளிலெல்லாம் ஒற்றுமை நிலவியதென்றும் தோற்ற அணிகளிலெல்லாம் அது குலைந்து கிடந்ததென்றும் ஒரே பல்லவி திரும்பத் திரும்பப் பாடப்படுவது விளங்காமற் போகாது. கிண்ணம் கைக்கு வந்த பிறகு, அதற்கு முன்னால் நடந்த ஒவ்வொரு சம்பவத்திலும் ஒற்றுமையின் அடையாளத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு பெரிய சாமர்த்தியம் அல்ல. ஆனால் வெவ்வேறு ஊர்களிலிருந்தும், இக்காலத்தில் வெவ்வேறு தேசங்களிலிருந்தும் வந்து சேரும் இருபத்தைந்து இளைஞர்களை, அவர்களில் பதினொருவருக்கே களத்தில் இடம் உண்டு என்ற நிபந்தனையோடு, ஆண்டு முழுவதும் ஒரே நோக்கத்தில் நிறுத்திவைக்கும் காரியத்தைப் பயிற்சியாளர் என்ற ஒரு மனிதர் எவ்வாறு சாதிக்கிறார், அல்லது எங்கே தவறுகிறார் என்பது, வெற்றி தோல்விகளைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு விசாரிக்க வேண்டிய விஷயம். அந்த விசாரணைக்கு நூறாண்டுச் சரித்திரம் போதிய சாட்சியங்களை வைத்திருக்கிறது. அவற்றுள் பல ஒன்றையொன்று மறுப்பவை.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுவது அவசியம். ஓர் அணியில் இருப்பவர்கள் சகோதரர்களைப்போல் ஒருவரையொருவர் நேசித்தாலன்றி அது வலிமை பெறாது என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். 1974-ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டிக்கு முன்னால், மாலெண்டே என்ற ஊரில் தங்கியிருந்த மேற்கு ஜெர்மானிய ஆட்டக்காரர்கள் பரிசுப்பணத்தின் அளவைப் பற்றித் தங்கள் சம்மேளனத்தோடு இரவெல்லாம் பேரம் பேசினார்கள். பயிற்சியாளர் ஹெல்முட் ஷேன் மனம் வெறுத்து, அணியையே கலைத்து அனுப்பிவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். போட்டி தொடங்கிய பிறகோ, ஹாம்பர்க் நகரில் கிழக்கு ஜெர்மனியிடம் தோற்றுத் தலைகுனிந்தார்கள். அப்படிப்பட்டவர்கள்தாம் இரண்டே வாரங்களில், அந்தப் போட்டியிலேயே மிக அழகாக ஆடிய நெதர்லாந்தை மியூனிக்கில் 2-1 என்ற கணக்கில் வென்று கிண்ணத்தை ஏந்தினார்கள். 1999-ஆம் ஆண்டில் மூன்று பெரிய பட்டங்களை ஒருசேர வென்ற மான்செஸ்டர் யுனைடெட் அணியில் ஆண்டி கோலும் டெடி ஷெரிங்ஹாமும் ஆண்டுக்கணக்கில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில்லை என்பது இருவருமே மறுக்காத செய்தி. ஆயினும் களத்தில் ஒருவர் மற்றவருக்குப் பந்தை மறுத்ததாக எவரும் சொன்னதில்லை. ஆகவே பயிற்சியாளர் உண்டாக்க வேண்டியது பிரியத்தை அல்ல என்று வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

பணம் என்ற காரணத்தையும் விரைவிலேயே கடந்துவிடலாம். இங்கிலாந்தில் 1961-ஆம் ஆண்டு ஜனவரி வரையில் ஆட்டக்காரனின் சம்பளத்திற்கு உச்சவரம்பு இருந்தது. அது நீக்கப்பட்ட சமயத்தில் வாரத்திற்கு 20 பவுன். மாட் பஸ்பி வளர்த்து 1956-இலும் 1957-இலும் லீக் பட்டம் வென்ற மான்செஸ்டர் இளைஞர்கள் அந்த வரம்புக்குள் கூலி வாங்கியவர்கள்தாம். இன்றைக்கு வாரந்தோறும் லட்சக்கணக்கான பவுன் பெறுகிறவர்களிடத்திலும் சிரத்தை மிகுந்த அணிகளைக் காண்கிறோம், சிரத்தையே இல்லாத அணிகளையும் காண்கிறோம். பணம் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

ஊர்ப்பற்றும் குலப்பற்றும் அணிப்பற்றாகப் பரிணமிக்கின்றன என்ற வாதம் இவற்றைவிடக் கனமானது. அதற்குச் சாட்சியாக எப்போதும் காட்டப்படுவது ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகம். 1967-ஆம் ஆண்டு மே 25 அன்று லிஸ்பனில் இத்தாலியின் இண்டர் மிலானை 2-1 என்று தோற்கடித்து ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அந்தப் பதினொருவரும், கிளாஸ்கோவில் உள்ள தங்கள் மைதானத்திலிருந்து முப்பது மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். கேட்கும்போதே மயிர்க்கூச்செறியும் செய்தி இது. ஆனால் இதில் சிந்திக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. ஜாக் ஸ்டீன் 1965-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பொறுப்பை ஏற்றபோது அந்த ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். அதே ஊரில் பிறந்து, அதே பச்சை வெள்ளைச் சட்டையை அணிந்து, 1957-க்குப் பிறகு ஒரு பெரிய கிண்ணத்தையும் காணாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். மண்ணின்மேல் இருந்த பற்று ஸ்டீன் வருவதற்கு முன்னும் குறைந்திருக்கவில்லை. குறைந்திருந்தது ஒழுங்கு. மேலும், அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர்களின் கழகமாகத் தோன்றி வளர்ந்த செல்டிக்கின் முதல் புராட்டஸ்டண்டு மேலாளர் ஸ்டீன். அவருடைய அணியிலும் புராட்டஸ்டண்டுகள் சிலர் இருந்தார்கள். குலப்பற்றுக்கு உதாரணமாக அந்த அணியைக் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டீன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். பஸ்பியும், லிவர்பூலை உயர்த்திய பில் ஷாங்க்லியும் இளமையில் அதே ஸ்காட்லாந்தின் சுரங்கங்களில் இறங்கியவர்களே. நிலத்தடியில் உன் உயிர் பக்கத்தில் நிற்பவனுடைய கவனத்தில் இருக்கிறது என்ற பாடத்தை இவர்கள் மைதானத்திற்குக் கொண்டுவந்தார்கள் என்று ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் எழுதி எழுதி அது ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சுரங்கத்தில் இறங்கிய பயிற்சியாளர்களில் தோற்றவர்களின் ஜாபிதாவை யாரும் எழுதுவதில்லை.

இனி, பேச்சு. உடைமாற்றும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சியாளர் நிகழ்த்தும் ஆவேசப் பிரசங்கத்தால் அணி உருவாகிறது என்று சினிமாக்காரர்கள் நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். பேச்சில் வல்லவர்கள் இருந்தார்கள், ஷாங்க்லி அவர்களில் தலைசிறந்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய லிவர்பூல் 1965-66-ஆம் ஆண்டின் லீக் பட்டத்தை ஒரு பருவம் முழுவதற்கும் வெறும் பதினான்கு பேரைக்கொண்டே வென்றது என்ற செய்தி, அவருடைய வாக்குச் சாதுரியத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. சனிக்கிழமைதோறும் அதே ஆள், அதே இடம், அதே துணை. வலப்பக்கத்துப் பின்காப்பாளனுக்குத் தனக்கு முன்னால் நிற்பவன் எந்தக் காலால் பந்தை நிறுத்துவான் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அந்தப் பரிச்சயத்தைப் பிரசங்கத்தால் கொடுக்க முடியாது.

இந்த இடத்திலேதான் விசாரணை சூடு பிடிக்கிறது. 1925-ஆம் ஆண்டில் ஆஃப்சைடு விதி மாறி, தாக்குகிறவனுக்கும் கோலுக்கும் இடையே மூன்று எதிரிகள் வேண்டும் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. கோல்கள் மழையாகப் பொழிந்தன. அவ்வாண்டு அக்டோபர் 3 அன்று நியூகாசிலிடம் 7-0 என்று தோற்ற ஆர்சனல் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், சுரங்கப் பொறியியல் கற்றவர், அணித் தலைவர் சார்லி புக்கன் நெடுநாளாக வற்புறுத்திவந்த யோசனையை அன்று ஏற்றுக்கொண்டார்: நடு ஆட்டக்காரனைப் பின்னுக்கு இழுத்துக் காவலில் நிறுத்துவது, அவன் விட்ட இடத்தை நிரப்ப முன்வரிசையிலிருந்து ஒருவனை இறக்குவது. இறங்கி ஆடும் அந்த வேலை தமக்கே கிடைக்கும் என்று புக்கன் எதிர்பார்த்தார். சாப்மனோ, மூன்றாம் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஆண்டி நீல் என்பவரை அதற்குத் தேர்ந்தெடுத்தார். ஓடுவதில் மந்தமானவராயினும் பந்தை வாங்கிச் சரியான இடத்தில் சேர்ப்பதில் நீல் தேர்ந்தவர். யோசனை சொன்னவருடைய அந்தஸ்தைப் பாராமல் யோசனையைக் கேட்டதும், கேட்ட பிறகு அவருடைய அந்தஸ்தைப் பாராமல் வேலைக்குத் தக்கவனைத் தேடியதும் ஆகிய இரண்டையும் ஒரே வாரத்தில் செய்த அந்த மனிதரிடத்தில், பின்வந்த பயிற்சியாளர்கள் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அவர் வாரந்தோறும் ஆட்டக்காரர்களைக் கூட்டி வைத்து, கடந்த ஆட்டத்தின் குறைகளை அவர்களையே பேசச் செய்வார். முதலாளியின் முன் தொழிலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற காலத்தில் அது சாமானிய ஏற்பாடு அல்ல.

சாப்மன் தொடங்கியதை அதன் எல்லைவரைக்கும் கொண்டு சென்றவர் இத்தாலியின் அரிகோ சாக்கி. தந்தையின் காலணி வியாபாரத்தில் இருந்தவர். தொழில்முறை ஆட்டக்காரராக ஒருநாளும் ஆடியதில்லை. 1987-இல் ஏ.சி. மிலானுக்கு வந்தபோது அவரைப் பத்திரிகைகள் பரிகசித்தன. குல்லிட், வான் பாஸ்டன் போன்ற பெரிய ஆட்டக்காரர்களுக்கு இவர் என்ன கற்பித்துவிட முடியும் என்ற ஐயம் அணிக்குள்ளேயும் இருந்தது. அந்த ஐயத்தை அவர் உபதேசத்தால் நீக்கவில்லை. கோல்காப்பாளர் ஒருவரையும் நான்கு பின்காப்பாளர்களையும் ஒருபுறம் நிறுத்தி, தம் தாக்குதல் ஆட்டக்காரர்கள் பத்துப் பேரை மறுபுறம் விட்டு, கால்மணி நேரத்தில் ஒரு கோல் போடுங்கள் பார்க்கலாம் என்றார். பந்தை இழந்தால் நடுக்கோட்டுக்குப் பத்து மீட்டர் பின்னிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மறுபடி மறுபடி முயன்றும் அந்தப் பத்துப் பேரால் கோல் போட முடியவில்லை. ஒழுங்காக நகரும் ஐவர் ஒழுங்கின்றி ஓடும் பதின்மரைத் தடுக்க முடியும் என்பதை அவர்கள் தங்கள் கால்களாலேயே தெரிந்துகொண்டார்கள். அதன் பிறகு, பந்தே இல்லாத மைதானத்தில், பந்து இருப்பதாகப் பாவித்துக்கொண்டு பதினொருவரும் சேர்ந்து நகரும் விநோதமான பயிற்சியை அவர் மாதக்கணக்கில் நடத்தியபோது, முணுமுணுத்தார்களேயொழிய மறுக்கவில்லை. 1988-இல் இத்தாலிய லீக். 1989-இலும் 1990-இலும் ஐரோப்பியக் கிண்ணம்.

ஒருவன் தன் வேலை இன்னதென்றும், தான் மூன்றடி தவறி நின்றால் யாருடைய வேலை கெடும் என்றும் கண்ணாரக் கண்டுகொள்ளும்போது பிறக்கிற பொறுப்புணர்ச்சியே அணிப்பற்றின் மூலம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதுவே முழு விடையாகவும் இருக்குமானால், கீவ் நகரத்து வலேரி லோபனோவ்ஸ்கிக்கு ஒருநாளும் இடையூறு நேர்ந்திருக்கக் கூடாது. பொறியியல் படித்த அவர், அனத்தோலி ஜெலன்ட்சோவ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, ஒவ்வொருவனுடைய ஓட்டத்தையும் களைப்பையும் கணக்கெடுத்து, யார் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்பதை விதித்தவர். 1975-இல் அவருடைய டைனமோ கீவ் ஐரோப்பியக் கிண்ணவெற்றியாளர் கோப்பையை வென்றது. மறு ஆண்டே, பயிற்சியின் பாரம் தாங்காமல் ஆட்டக்காரர்கள் கலகம் செய்தார்கள். அவருடைய கூட்டாளி ஓலேக் பாசிலேவிச் விலக நேர்ந்தது. சாக்கிக்கும் வான் பாஸ்டனோடு ஏற்பட்ட பிணக்கு முற்றி, 1991-இல் மிலானை விட்டு அவர் நீங்கினார். வேலையைத் துல்லியமாகப் பங்கிட்டவர்களிடத்திலும் ஆட்கள் ஒருநாள் சலித்துப்போகிறார்கள் என்றால், வேலைப் பங்கீட்டுக்கு அப்பால் வேறொன்று தேவைப்படுகிறது என்று ஆகிறது.

அது என்னவென்று காண, பிரையன் கிளஃபின் கதை மிகவும் உதவுகிறது. ஏனென்றால் ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே வயதில், ஏறக்குறைய ஒரே உபாயங்களோடு, ஓரிடத்தில் படுதோல்வியும் மற்றோரிடத்தில் நம்பமுடியாத வெற்றியும் கண்ட நிகழ்ச்சி கால்பந்துச் சரித்திரத்தில் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைப்பதில்லை. 1974-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் அவர் லீட்ஸ் யுனைடெட்டின் மேலாளரானார். லீட்ஸ் அப்போதுதான் லீக் பட்டம் வென்றிருந்தது. அந்த அணியைக் கட்டியவர் டான் ரெவி. இரண்டாம் டிவிஷனில் தடுமாறிக்கொண்டிருந்த கழகத்தைப் பதின்மூன்று ஆண்டுகளில் முன்னணிக்குக் கொண்டுவந்தவர். வெளியூர் விடுதிகளில் ஆட்டக்காரர்களை உட்கார வைத்து பிங்கோ ஆடச்செய்தும், அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுகளில் கலந்துகொண்டும், அவர்களை ஒரு குடும்பமாகவே பாவித்தவர். ரெவியின் அணி முரட்டுத்தனத்தாலும் தந்திரத்தாலும் வென்றது என்று பல ஆண்டுகளாகப் பகிரங்கமாகத் தூற்றிவந்த கிளஃப், அதே அணியின் முன்னால் மேலாளராக வந்து நின்று, இதுவரை நீங்கள் பெற்ற பதக்கங்களைக் குப்பையில் எறிந்துவிடலாம், ஏனெனில் அவை நேர்மையாகப் பெற்றவை அல்ல என்ற பொருள்படப் பேசினார் என்று அங்கே இருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றே ஒன்று வெற்றி. நாற்பத்து நான்காம் நாள் அவர் நீக்கப்பட்டார். இதில் கவனிக்கத்தக்கது, அந்த ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை மறந்துவிடவில்லை என்பது. ஜிம்மி ஆர்ம்ஃபீல்டு என்ற நிதானமான மனிதரின் கீழ் அதே பருவத்தில் அவர்கள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் வரைக்கும் போனார்கள்.

1975 ஜனவரியில் கிளஃப் இரண்டாம் டிவிஷனில் பதின்மூன்றாம் இடத்தில் கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனார். லீட்ஸுக்கு வர மறுத்திருந்த பழைய துணைவர் பீட்டர் டெய்லர் 1976-இல் வந்து சேர்ந்தார். டெய்லர் ஆளை எடைபோடுவதில் நிபுணர். கிளஃப் எடைபோட்ட ஆளை நம்பவைப்பதில் நிபுணர். ஜான் ராபர்ட்சன் என்ற ஆட்டக்காரர் அங்கே ஒதுங்கிக் கிடந்தார்: சற்றே தடித்த தேகம், சிகரெட் பழக்கம், ஓட்டத்தில் வேகமில்லை. அவரை இடது ஓரத்தில் நிறுத்தி, பந்து கிடைத்தவுடன் இவனுக்குக் கொடுங்கள் என்று மற்றவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். பர்மிங்ஹாமில் முரடர் என்று பெயர் எடுத்திருந்த முன்வரிசை ஆட்டக்காரர் கென்னி பர்ன்ஸைக் கொண்டுவந்து நடுப் பின்காப்பில் நிறுத்தினார்கள். மறு ஆண்டில் இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் அவரையே அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தார்கள். 1977-இல் மூன்றாம் இடத்தில் தட்டுத்தடுமாறி முதல் டிவிஷனுக்கு ஏறிய கழகம், 1978-இல் அந்த டிவிஷனின் பட்டத்தையும், 1979-இலும் 1980-இலும் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றது. முதல் இறுதியாட்டத்தின் ஒரே கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் ராபர்ட்சன். இரண்டாவதின் ஒரே கோலைப் போட்டவரும் அவரே.

கிளஃப் லோபனோவ்ஸ்கிக்கு நேர் எதிர். பயிற்சி மைதானத்திற்கு அவர் வராத நாட்களே அதிகம். 1979-இன் லீக் கிண்ண இறுதியாட்டத்திற்கு முந்திய இரவில் ஆட்டக்காரர்களை உறங்கவிடாமல் ஷாம்பேன் குடிக்கவைத்தவர். கடுமையிலும் குறைந்தவர் அல்லர். லீட்ஸிலும் நாட்டிங்ஹாமிலும் அவருடைய நாக்கு ஒன்றுதான். வேறுபட்டது, எதிரே இருந்தவர்கள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பை அவர் என்ன செய்தார் என்பது. ராபர்ட்சனுக்கும் பர்ன்ஸுக்கும் அவர்கள் அறியாதிருந்த மதிப்பைக் கொடுத்தார். லீட்ஸ்காரர்களிடமிருந்து அவர்கள் பத்தாண்டு உழைத்துச் சேர்த்த மதிப்பைப் பிடுங்கப் பார்த்தார். தனக்கு இருக்கும் மரியாதையைப் பறிக்கிறவனுக்காக எந்த மனிதனும் மழையில் தொண்ணூறு நிமிஷம் ஓடமாட்டான்.

கிளஃபின் வெற்றிக்காலத்திலேயே நடந்த மற்றொரு சம்பவம் இன்னும் கூர்மையான கேள்வியை எழுப்புகிறது. 1979-இன் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்திற்கு முன் ஆர்ச்சி ஜெம்மிலும் மார்ட்டின் ஓநீலும் காயத்திலிருந்து தேறி வந்திருந்தார்கள். உடம்பு சரியாக இருக்கிறதா என்று இருவரையும் கேட்டு, சரியாக இருக்கிறது என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு, அப்படியானால் மாற்று ஆட்டக்காரர்களாக உட்காருங்கள் என்றார் கிளஃப். ஓநீல் தங்கினார், மறு ஆண்டு இறுதியாட்டத்தில் ஆடினார். ஜெம்மில் அந்தக் கோடையிலேயே கழகத்தை விட்டுப் போய்விட்டார். ஃபாரஸ்டின் நடுக்களம் அவர் இல்லாமையை உணர்ந்தது என்று கிளஃபே பிற்பாடு ஒப்புக்கொண்டார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவனைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டாம் பந்திக்கு நிறுத்தப்பட்டவனிடம் யார் வந்து என்ன சொன்னார்கள் என்பதைப் பொறுத்தே அந்த வீட்டின் பெயர் ஊரில் நிற்கிறது. பயிற்சியாளர்களைப் பற்றிய நூல்கள் பதினொருவரைத் தேர்ந்ததைப் பக்கம் பக்கமாக வருணிக்கின்றன. ஒதுக்கப்பட்டவர்களை நடத்திய விதத்தைப் பற்றி அவற்றில் காண்பது அரிது. அணி கெடுவதோ பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான். ஷாங்க்லி, காயமடைந்த ஆட்டக்காரர்களை ஏறிட்டும் பாராமல் கடந்து செல்வார். விரைவில் தேற அது தூண்டும் என்று எண்ணினார். அவருடைய மேதையைப் போற்றுகிறவர்கள்கூட இதைப் போற்ற வேண்டியதில்லை.

பிரான்ஸ் தேசம் ஆடிய இரண்டு உலகக் கிண்ணப் போட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். இளமையில் ஆலையில் கடைசல் வேலை பார்த்த எமே ஜாக்கே, 1998-ஆம் ஆண்டு போட்டிக்கு முன்னால், கண்டோனாவையும் ஜினோலாவையும் விட்டுவிட்டார் என்பதற்காகவும், ஆட்டத்தில் அழகில்லை என்பதற்காகவும் பத்திரிகைகளிடம் நாள்தோறும் வசை வாங்கினார். இருபத்தெட்டுப் பேரை அழைத்து, மே மாதத்தில் ஆறு பேரைத் திருப்பி அனுப்பினார். அந்த அறுவரில் இளைஞர் அனெல்கா ஒருவர். போட்டியின் நடுவே ஜிதான் சிவப்பு அட்டை பெற்று இரண்டு ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டார், அணி கலங்கவில்லை. அரையிறுதியில் லோரான் பிளான் வெளியேற்றப்பட்டதால், அதுவரை பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்த ஃபிராங்க் லெபஃப், இறுதியாட்டத்தில் பிரேசிலின் ரொனால்டோவைக் காவல் செய்ய வேண்டியதாயிற்று. பிளான் இல்லாத குறை தெரியாமல் அவர் ஆடினார். பிரான்ஸ் 3-0 என்று வென்றது. உட்கார்ந்திருந்த நாட்களிலும் தான் அணியின் அங்கம் என்ற நினைவு ஒருவனுக்கு மங்காமலிருந்தாலல்லாமல், அப்படி ஒரு மாலையில் எழுந்து ஆடுவது இயலாது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தென்னாப்பிரிக்காவில், ரேமோன் டொமெனெக்கின் அணியில் அதே அனெல்கா, மெக்சிகோவோடு நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளரைத் தகாத சொல்லால் ஏசியதாகச் செய்தி வெளியாகி, வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2010 ஜூன் 20 அன்று நிஸ்னா என்ற ஊரில் மற்ற ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு மறுத்துப் பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொள்ள, அவர்களுடைய கண்டன அறிக்கையைப் பத்திரிகையாளர்முன் வாசித்தவர் டொமெனெக்கே. தமக்கு எதிரான விண்ணப்பத்தைத் தாமே படித்த பயிற்சியாளர் அவரையன்றி வேறு எவரும் இருந்திருக்க மாட்டார் என்று எண்ணுகிறேன். ஒரு விதத்தில் அன்று அந்த ஆட்டக்காரர்கள் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள், பயிற்சியாளருக்கு எதிராக.

நியாயம் என்றால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவதா என்ற கேள்வி இங்கே எழும். இதற்கு மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளர் அலெக்ஸ் பெர்குசனும் அவருடைய ஆட்டக்காரர் எரிக் கண்டோனாவும் ஓரளவு விடை தருகிறார்கள். 1995 ஜனவரி 25 அன்று, தன்னை ஏசிய பார்வையாளன் ஒருவன்மேல் பாய்ந்து உதைத்த கண்டோனா எட்டு மாதங்களுக்குத் தடை செய்யப்பட்டபோது, பெர்குசன் பாரீஸுக்கே போய் அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தார்; மற்றெவருக்கும் காட்டாத பொறுமை அது. சக ஆட்டக்காரர்கள் அதைப் பக்ஷபாதம் என்று முணுமுணுக்காததற்குக் காரணம், பயிற்சி முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகும் கண்டோனா மைதானத்தில் தங்கித் தனியாகப் பழகிக்கொண்டிருந்ததை அவர்கள் தினந்தோறும் பார்த்திருந்தது. சலுகை எதற்காக என்பது எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தால் அது உறுத்துவதில்லை. நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகத்தில் 1973-ஆம் ஆண்டு கோடையில் நடந்ததோ வேறு. பயிற்சியாளர் மிக்கல்ஸின் கண்டிப்பில் உருவாகி, அவருக்குப் பின்வந்த கொவாக்ஸ் கடிவாளத்தைத் தளர்த்திய பின் மேலும் இரண்டு முறை ஐரோப்பாவை வென்ற அந்த அணியில், புதிய பயிற்சியாளர் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆட்டக்காரர்களிடமே விட்டார். அவர்கள் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரான குரைஃபை விட்டுப் பியட் கைசருக்கு வாக்களித்தார்கள். சில வாரங்களில் குரைஃப் பார்சலோனாவுக்குப் போய்விட்டார். தாம் செய்ய வேண்டிய கடினமான தீர்மானத்தை ஜனநாயகத்தின் பெயரால் பிறர் தலையில் வைத்த பயிற்சியாளர், ஒரே பிற்பகலில் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களின் பலத்தை இழந்தார்.

நிர்வாகத்தின் பொறுமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெர்குசன் 1986 நவம்பரில் வந்து முதல் கிண்ணத்தைக் கண்டது 1990-இல், முதல் லீக் பட்டத்தைக் கண்டது 1993-இல். 2016-இல் லெஸ்டர் என்ற சிறு கழகத்தை இங்கிலாந்தின் சாம்பியனாக்கிய கிளாடியோ ரனியேரி, ஒன்பது மாதங்களில் வேலையை இழந்தார்.

நம் தேசத்திலும் இவ்விஷயத்திற்குச் சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. அயல்நாட்டார் சரித்திரங்களில் அதற்கு இடமில்லாததால் நாமும் அதை மறந்திருக்கிறோம். ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியைப் பயிற்றி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வெல்லச் செய்தவர். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியே அலைவதைத் தடுக்கும் விதியோடும், பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடும் இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தியவர். பந்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை நீதிபோதனையாகச் சொல்லாமல் ஆட்டத்தின் விதியாகவே ஆக்கியதில் ஓர் ஆசிரியரின் அறிவு பளிச்சிடுகிறது. 1952-இல் ஹெல்சிங்கியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற இந்தியா, நான்கே ஆண்டுகளில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பெற்றது அவருடைய காலத்தில்.

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுக்குப் போனபோது அவருடைய உடலில் புற்றுநோய் குடிகொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்தோடு நடந்த ஆட்டத்தில் நடுப் பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா அனுமதிக்காததை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்ததனால் ஊரே இந்தியர்களுக்கு விரோதமாக எழுந்திருந்தது. காவலில் நின்று தலையால் பந்தை முட்டும் நிலையில் இல்லாத ஜர்னைலை ரஹீம் ஒதுக்கவும் இல்லை, பழைய இடத்திலேயே நிறுத்தி அபாயத்துக்கு உள்ளாக்கவும் இல்லை. முன்வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராகவும், செப்டம்பர் 4 அன்று லட்சம் பேர் கூடிக் கூச்சலிட்ட இறுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராகவும் ஜர்னைல் கோல் போட்டார். இறுதியாட்டத்தில் மற்றொரு கோலைப் போட்டவர் பி.கே. பானர்ஜி. நீலகிரியின் வெல்லிங்டனைச் சேர்ந்த மதராஸ் ரெஜிமெண்ட் அணிக்காக முன்வரிசையில் ஆடத் தொடங்கி, பிறகு கோல்காப்பாளராக மாறிப் பெயர்பெற்ற பீட்டர் தங்கராஜ், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து அன்று கோலைக் காத்தார். அவர் படுத்திருந்த நாட்களில் அந்த வேலையைப் பார்த்த பிரத்யுத் பர்மன் இடம்விட்டு அமர்ந்தார். கல்கத்தாவின் ஜென்மப் பகையாளிக் கழகங்களிலிருந்தும், ஹைதராபாத் போலீஸிலிருந்தும், ரயில்வேயிலிருந்தும் வந்தவர்கள் அந்தப் பதினொருவர். முந்திய இரவு ரஹீம் அவர்களிடம் நீண்ட பிரசங்கம் எதுவும் செய்யவில்லை என்றும், தங்கப் பதக்கத்தைத் தமக்கு ஒரு பரிசாகத் தரும்படி கேட்டுக்கொண்டார் என்றும் அவர்களில் சிலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். அவ்வளவு சுருக்கமான வார்த்தைக்கு அவ்வளவு பலம் இருந்ததற்குக் காரணம், அதற்கு முன்பு பன்னிரண்டு ஆண்டுகள் அவர் செய்த வேலை.

இந்தியா 2-1 என்று வென்றது. ரஹீம் 1963 ஜூன் 11 அன்று காலமானார். 1970-இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியா எந்தப் பதக்கமும் பெறவில்லை.